கட்டளைகளுக்கு நடுவே என்ன விடுதலை?

கேள்வி இது: "கிறிஸ்தவ நண்பர்கள் 'மெய்யான விடுதலை இயேசுவிடம்தான்' என்கிறார்கள். அதே வாயால் 'நான் கர்த்தருக்கு அடிமை' என்றும் சொல்கிறார்கள். அதைத் தொடமாட்டேன், இங்கே வரமாட்டேன் என்று ஆயிரம் தடை வேறு. இதில் விடுதலை எங்கே இருக்கிறது? அடிமைகளை வாய்மூடி இருக்கவைக்கச் சொன்ன ஆறுதல் பேச்சுதானே இது?"

நியாயமான கேள்வி. கடைசி வரியில் இருக்கும் குற்றச்சாட்டு பாதி உண்மை என்றே சொல்வேன். அதற்குப் பிறகு வருகிறேன். நான் போதகர் இல்லை. சபையில் பல வருடங்களாக வேதபாட வகுப்பு எடுக்கிறவன். வாலிபர் கூட்டத்தில் வருடத்துக்கு ஒருவராவது இதைக் கேட்டுவிடுவார்கள், ஆகையால் யோசிக்க எனக்கு நிறைய நேரம் கிடைத்திருக்கிறது.

முதலில் ஒரு சொல்லைப் பார்த்துவிடுவோம். புராட்டஸ்டன்ட் சபைகளில் இன்றும் வாசிக்கிற பழைய தமிழ் வேதாகமத்தில் 'சுதந்தரம்' என்று தேடிப் பாருங்கள். "இதோ, பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம்" என்று சங்கீதம் 127இல் வரும். ஞானஸ்நான அழைப்பிதழ்களில் பார்த்திருப்பீர்கள். "சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்" என்பது மலைப்பிரசங்கம். ஆகஸ்ட் 15ஐ மனதில் வைத்துக்கொண்டு படித்தால் இரண்டுமே புரியாது. அங்கே சுதந்தரம் என்றால் வாரிசுப் பங்கு, வழிவழியாக வரும் உரிமை. பழைய தமிழில் இந்தப் பொருள் சாதாரணமாகப் புழங்கியதுதான். களத்துமேட்டில் நெல் அளக்கும்போது ஊர்த் தொழிலாளிகளுக்குப் பரம்பரை உரிமையாகக் கொடுத்த பங்குக்கும் சுதந்திரம் என்றுதான் பெயர். நாம் இன்று சுதந்திரம் என்று சொல்வதற்கு அந்த வேதாகமம் வைத்திருக்கும் சொற்கள் வேறு: விடுதலை, சுயாதீனம்.

முதல் நூற்றாண்டில் ஊர் ஊராகப் போய் இயேசுவைப் பிரசங்கித்தவர் பவுல். அவர் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வசனம்: "ஆகையால் இனி நீ அடிமையாயிராமல் புத்திரனாயிருக்கிறாய், நீ புத்திரனேயானால், கிறிஸ்துமூலமாய் தேவனுடைய சுதந்தரனாயும் இருக்கிறாய்." சின்ன வயதில் இதை நான் 'சுதந்திரமானவன்' என்றே படித்தேன். தப்பு, சுதந்தரன் என்றால் வாரிசு. கத்தோலிக்கர்களின் திருவிவிலியத்தில் இதையே உரிமைப்பேறு என்று போட்டுக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டார்கள். ஆனால் வயது ஆக ஆக அந்தத் தப்பான வாசிப்பில் ஒரு விஷயம் மாட்டியிருக்கிறது என்று தோன்ற ஆரம்பித்தது. அடிமைக்கு எதிர்ப்பதமாகப் பவுல் எதை வைக்கிறார் பாருங்கள். 'யாருக்கும் கட்டுப்படாத மனிதன்' என்று வைக்கவில்லை. பிள்ளை என்று வைக்கிறார். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் ஏறக்குறைய இந்த ஒரு வசனத்துக்குள் இருக்கிறது. மீதி எல்லாம் விளக்கம்.

இயேசு இதைப் பேசின இடம் எருசலேம் தேவாலயம். யோவான் 8ஆம் அதிகாரம். "சத்தியத்தையும் அறிவீர்கள், சத்தியம் உங்களை விடுதலையாக்கும்" என்கிறார். பள்ளிக்கூடச் சுவர்களிலும் கல்லூரி முத்திரைகளிலும் தேய்ந்துபோன வரி. அடுத்து வரும் பதிலை யாரும் சுவரில் எழுதுவதில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கோபப்பட்டு, நாங்கள் ஆபிரகாமின் சந்ததி, ஒருக்காலும் ஒருவருக்கும் அடிமையாக இருந்ததில்லை என்கிறார்கள். எகிப்து, அசீரியா, பாபிலோன், பெர்சியா, கிரேக்கர் என்று வரிசையாக ஆண்டு முடித்து, அந்த நிமிடம் ரோமப் படை ஆலயத்தை ஒட்டிய அந்தோனியா கோட்டையில் உட்கார்ந்திருக்கிறது! இயேசு நினைத்திருந்தால் அந்தக் கோட்டையை நோக்கி விரலை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. "பாவஞ்செய்கிறவன் எவனும் பாவத்துக்கு அடிமையாயிருக்கிறான்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கணக்கு ஒன்று சொல்கிறார்: அடிமை என்றைக்கும் வீட்டில் நிலைத்திருக்கமாட்டான், மகன் என்றைக்கும் நிலைத்திருப்பான், அந்த மகன் உங்களை விடுதலையாக்கினால் மெய்யாகவே விடுதலையாவீர்கள்.

அந்த வீட்டுக்கணக்கு அன்றைக்குக் கேட்டவர்களுக்கு விளக்கம் இல்லாமலே புரிந்திருக்கும். அடிமையும் மகனும் ஒரே கூரையின் கீழ் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். சிலசமயம் அடிமை நல்ல துணி உடுத்தியிருப்பான், எஜமானின் கணக்கு வழக்கைக்கூடப் பார்ப்பான். ஆனால் எஜமானுக்குக் கடன் வந்தால் நாளைக் காலையில் சந்தையில் நிற்கப்போவது யார்? அந்த வீட்டில் அவன் இருப்பு அவன் உழைப்பின் மேல் நிற்கிறது. மகனின் இருப்பு அப்படியில்லை. அவன் சோம்பேறியாக இருந்தாலும் மகன்தான்.

சரி, பாவத்துக்கு அடிமை என்பதைப் பிரசங்க மொழியில் சொன்னால் யாருக்கும் உறைக்காது. என் சித்தப்பாவைச் சொல்கிறேன். ஒவ்வொரு டிசம்பர் 31 இரவும் வருடப்பிறப்பு ஆராதனைக்கு முதல் ஆளாக வந்து உட்காருவார். பன்னிரண்டு மணிக்கு கோயில் மணி அடிக்கும்போது முழங்காலில் இருப்பார், அழுவார். வாக்குத்தத்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சித்தி கையில் அடித்துச் சத்தியம் செய்வார், இனித் தொடமாட்டேன் என்று. நடிப்பு இல்லை. அந்த நிமிடம் முழு மனதோடுதான் சொன்னார். பொங்கல் வரை தாங்கும். ஒரு வருடம் மூன்றாம் தேதியே போய்விட்டது. டாஸ்மாக் இருக்கும் தெருமுனையில் என்னைப் பார்த்ததும் நின்று, "டேய், கால்தாண்டா போகுது. நான் போகலை" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ரோமர் 7ஐ எடுத்துப் பார்த்தபிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று எழுதிவிட்டு, அப்படியானால் செய்வது நான் அல்ல, எனக்குள் குடியிருக்கும் பாவமே என்கிறார் பவுல். சித்தப்பா ரோமரைப் படித்து அந்த வரியைச் சொல்லவில்லை. உள்ளே இருந்து பார்க்கிறவனுக்கு அது அப்படித்தான் தெரியும் போலிருக்கிறது. அவரை யாரும் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை. தடுப்பதற்கும் யாரும் இல்லை. 'விரும்பியதைச் செய்வதுதான் சுதந்திரம்' என்றால் அந்தத் தெருமுனையில் அவரைப் போலச் சுதந்திரமானவர் ஒருவரும் இல்லை.

வட ஆப்பிரிக்காவில் 354இல் பிறந்து, பிற்பாடு பிஷப் ஆன அகுஸ்தீன் இதை எல்லாரையும்விடக் கூர்மையாகப் பார்த்தவர். கெட்டிக்காரர், பேச்சுக்கலை ஆசிரியர், மிலானில் பெரிய பதவி. ஆசை கொண்ட வாழ்க்கையை விட வேண்டும் என்று தெரிகிறது, விடவும் முடியவில்லை. இளம் வயதில், ஆண்டவரே எனக்குப் புலனடக்கத்தைத் தாரும், ஆனால் இப்போதே வேண்டாம் என்று ஜெபித்ததாக அவரே எழுதிவைத்திருக்கிறார். தன்னைக் கட்டியிருந்த சங்கிலி இன்னொருவர் இரும்பால் செய்ததல்ல, தன் சொந்த மனமே செய்த இரும்பு என்கிறார். கோணலான விருப்பத்தில் இச்சை பிறந்தது, இச்சைக்கு இடங்கொடுக்கப் பழக்கம் ஆனது, பழக்கத்தை எதிர்க்காமல் விட அது கட்டாயம் ஆனது. இரவு ஒரு மணிக்கு, தூக்கம் கண்ணைச் சொருக, இன்னும் ஒரே ஒரு வீடியோ என்று கட்டைவிரல் தானாக மேலே தள்ளும்போது எனக்கு அகுஸ்தீன் ஞாபகம்தான் வரும்.

பாவத்தால் கெட்ட மனித சித்தம் எவ்வளவு கெட்டது, முழுக்கச் செத்ததா, காயப்பட்டதா என்பதில் கிறிஸ்தவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. கத்தோலிக்க அறிஞர் எராஸ்முஸ் 1524இலும், புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தர் 1525இலும் இதைப் பற்றி எதிரெதிராகப் புத்தகம் எழுதிச் சண்டை போட்டார்கள். கத்தோலிக்கர், கிழக்குத் திருச்சபையார், சீர்திருத்தச் சபையார் என்று ஆளுக்கொரு அழுத்தம். அதற்குள் போனால் இந்தப் பதில் முடியாது. தன்னைத்தானே தூக்கிவிட்டுக்கொள்ள முடியாது, வெளியே இருந்து ஒரு கை வேண்டும் என்பது வரை எல்லாரும் ஒன்று. அந்தக் கையைத்தான் கிருபை என்கிறார்கள்.

சித்தப்பா கடைசியில் நிறுத்தினார். மருத்துவமனையில் சில வாரம் இருந்தார், அப்புறம் குடியை விட்டவர்களின் வாராந்தரக் கூட்டத்துக்குத் தவறாமல் போனார், சித்தியின் ஜெபமும் இருந்தது. சபையில் சாட்சி சொன்னபோது மருத்துவமனையை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னார். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். கிருபை டாக்டர் வழியாக வரக் கூடாதா என்ன?

இனி தடைகள், கட்டளைகள். இதற்கு, இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய கதையைச் சொல்லும் யாத்திராகமத்துக்குப் போக வேண்டும். பத்துக் கட்டளைகள் 'கொலை செய்யாதே' என்று தொடங்கவில்லை. "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே" என்று தொடங்குகின்றன. ஆக, முதலில் விடுதலை, மூன்றாம் மாதம் சீனாய் மலையில் கட்டளை. கட்டளையைக் கைக்கொண்டால் விடுவிப்பேன் என்று பேரம் பேசவே இல்லை. விட்டாயிற்று; இனி விடுதலையான ஜனம் எப்படி வாழும் என்பதற்கு இது வரைபடம். ஓய்வுநாள் கட்டளையைப் பாருங்கள்: நீ மட்டுமல்ல, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் மாடும் கழுதையும்கூட ஓய்ந்திருக்க வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய் என்பதை நினைத்துக்கொள் என்கிறது உபாகமம். லீவு என்ற சொல்லே இல்லாமல் செங்கல் அறுத்தவர்களுக்கு அது தடையாகவா தெரிந்திருக்கும்?

ஆனால் எகிப்தைவிட்டு வந்தவர்கள் வனாந்தரத்தில் எதற்கு அழுதார்கள் தெரியுமா? எண்ணாகமம் 11இல் பட்டியலே இருக்கிறது: எகிப்தில் காசில்லாமல் தின்ற மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெங்காயம், வெள்ளைப்பூண்டு. காசில்லாமலாம்! முதுகுத்தோல் உரிந்ததை மறந்துவிட்டு பூண்டை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஒரே ராத்திரியில் எகிப்திலிருந்து ஆட்களை வெளியே கொண்டுவந்துவிட்டார் மோசே. ஆட்களிடமிருந்து எகிப்தை வெளியே எடுக்க நாற்பது வருடம் போதவில்லை. கிறிஸ்தவர்கள் விடுதலையைப் பற்றிப் பேசும்போது உள்ளே உள்ளே என்று போவதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு கோணமும் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் மாக்சிமுஸ் என்று ஒரு துறவி இருந்தார். பேரரசர் சொன்ன கோட்பாட்டை ஒப்புக்கொள்ளாததற்காக நாக்கையும் வலது கையையும் வெட்டி நாடு கடத்தப்பட்டு 662இல் இறந்தவர். எதைத் தேர்ந்தெடுப்பது என்று தயங்கித் தயங்கி நிற்பதை நாம் சுதந்திரத்தின் அடையாளமாக நினைக்கிறோம். அவருக்கு அது மனிதனின் குறையின் அடையாளம். நன்மையைத் தெளிவாகக் கண்டவன் தயங்குவதில்லை. இதை நான் வகுப்பில் உப்பை வைத்துச் சொல்வேன். புதிதாகச் சமைக்கிறவன் ஸ்பூனில் எடுத்து, பாதியைக் கொட்டி, ருசி பார்த்து, மறுபடி போடுவான். அவன் முன்னால் எல்லா வாய்ப்பும் திறந்திருக்கிறது. பாட்டி பேசிக்கொண்டே கையால் அள்ளிப் போடுவாள். குழம்பில் யார் கை சுதந்திரமாக அசைகிறது? பாட்டிக்கு அந்தக் கை சும்மா வரவில்லை, நாற்பது வருடக் கட்டுப்பாட்டில் வந்தது.

இதற்காகக் கட்டளைதான் விடுதலை என்று முடித்துவிட்டால் பவுல் நம்மைச் சும்மா விடமாட்டார். கலாத்தியர் கடிதம் முழுக்க அந்தச் சண்டைதான். இயேசுவை நம்பினால் மட்டும் போதாது, விருத்தசேதனமும் (முன்தோலை வெட்டும் யூதச் சடங்கு) பண்ணிக்கொண்டால்தான் முழு உரிமை என்று சிலர் புறஜாதிக் கிறிஸ்தவர்களிடம், அதாவது யூதரல்லாதவர்களிடம், சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். பவுல் கொதித்துப்போகிறார். "கிறிஸ்து நமக்கு உண்டாக்கின சுயாதீன நிலைமையிலே நிலைகொண்டிருங்கள்", மறுபடியும் நுகத்துக்குள் தலையைக் கொடுக்காதீர்கள் என்கிறார். பழைய சட்டத்தை அவர் 'உபாத்தி' என்கிறார் என்று நம் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. வாத்தியார் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல், பணக்கார வீட்டுப் பையனைப் பள்ளிக்கு அழைத்துப்போய்க் கூட்டிவரும் அடிமையைக் குறிப்பது. கையில் கம்பு இருக்கும். பையன் வளர்ந்துவிட்டால் அந்த ஆளுக்கு வேலை முடிந்தது. இருபத்தைந்து வயதிலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பேன் என்றால் எப்படி?

அதற்குப் பதிலாகப் பவுல் காட்டுவது சுவிகாரம், தத்து. ரோம உலகில் தத்து என்பது பெரும்பாலும் வளர்ந்த ஆண்களுக்கு நடந்த சட்டக் காரியம். பழைய குடும்பத்தின் பிடி போய், புதுத் தகப்பனின் பெயருக்கும் சொத்துக்கும் முழு உரிமையாளன் ஆகிவிடுவான். ஜூலியஸ் சீசர் உயிலில் தத்தெடுத்த பையன்தான் பிற்பாடு அகுஸ்து பேரரசர் ஆனான். இந்த உலகத்துக்குத்தான் பவுல் எழுதுகிறார்: நீங்கள் மறுபடியும் பயப்படும் அடிமைத்தனத்தின் ஆவியைப் பெறவில்லை, "அப்பா பிதாவே" என்று கூப்பிடவைக்கும் ஆவியைப் பெற்றீர்கள் என்று. அந்த 'அப்பா' மொழிபெயர்ப்பு இல்லை. இயேசு பேசின அரமேய மொழிச் சொல்லே அதுதான். உலகத்தில் பல மொழிக்காரர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு வேண்டாம்.

இந்த விடுதலை முதலில் சோதிக்கப்பட்டது சாப்பாட்டு மேசையில். அந்தியோகியாவில் இயேசுவின் சீடர் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். பவுல் எல்லார் முன்னாலும் அவரை முகத்துக்கு நேரே கண்டித்தார். யூதனுக்கு ஒரு பந்தி, மற்றவனுக்கு ஒரு பந்தி என்றால் சுவிசேஷமே போயிற்று என்பது அவர் வாதம். நம் சபைகளுக்கு இது அந்தியோகியாவில் முடிந்துபோன கதை இல்லை. தஞ்சாவூர்ச் சபையில் சாதிவாரியாக உட்கார்ந்தார்கள், இராப்போஜனத்தில் திராட்சரசப் பாத்திரம் உயர்சாதியாரிடம் முதலில் போனது. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதியை உடனே, அடியோடு, ஒரேயடியாக விட வேண்டும் என்று எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் நிற்கிறது. 'மெய்யான விடுதலை' என்று நாங்கள் மேடை போட்டுப் பேசும்போது நீங்கள் அந்தச் சுவரைக் கைகாட்டினால் எங்களிடம் பதில் கிடையாது.

'கர்த்தருக்கு அடிமை' என்பதற்கு வருகிறேன். கிரேக்க நாட்டில் தெல்பி என்ற இடத்தில் அப்போலோ கோயில். அதன் அடித்தளச் சுவரின் கற்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிமை விடுதலைப் பத்திரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அடிமை தானே சேர்த்த பணம் கோயில் வழியாக எஜமானுக்குப் போகும். பத்திரத்தில், இன்னார் இன்ன அடிமையை இத்தனை வெள்ளிக்கு அப்போலோவுக்கு விற்றார், விடுதலைக்காக, என்று இருக்கும். சாட்சிகளின் பெயர்களும் உண்டு. தெய்வத்தின் பெயரில் விற்கப்பட்டவனை அதற்கப்புறம் எந்த மனிதனும் சொந்தம் கொண்டாட முடியாது. அவன் விரும்பியதைச் செய்யலாம், விரும்பிய இடத்துக்குப் போகலாம். பல பத்திரங்களில் கீழே ஒரு நிபந்தனையும் உண்டு: பழைய எஜமான் சாகும்வரை கூடவே இருந்து சொன்ன வேலையைச் செய்ய வேண்டும்! கல்லில் வெட்டிய விடுதலைக்கும் கொக்கி.

பவுல் ஊழியம் செய்த கொரிந்து அங்கிருந்து வளைகுடாவைத் தாண்டினால் வந்துவிடும். கொரிந்தியருக்கு அவர் எழுதுகிறார்: "நீங்கள் கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள், மனுஷருக்கு அடிமைகளாகாதிருங்கள்." இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் அறிஞர் அடால்ஃப் டைஸ்மன் இந்த இரண்டையும் இணைத்துக் காட்டினார். பவுல் தெல்பி நடைமுறையை அப்படியே எடுத்தாண்டார் என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்வதில்லை. எனக்கும் அது கொஞ்சம் இழுத்துப் பிடித்ததாகத்தான் படுகிறது. ஆனால் அந்த வசனத்தின் தர்க்கம் கண்முன் தெரிகிறது. நான் ஏற்கெனவே வாங்கப்பட்டவன், ஆகையால் என்னை இனி ஒருவனும் வாங்க முடியாது. கர்த்தருக்கு அடிமை என்று சொல்கிறவன் உண்மையிலேயே அறிந்து சொன்னால், மற்ற எல்லா எஜமான்களுக்கும் நோட்டீஸ் கொடுக்கிறான்.

அதே கொரிந்தியர் கடிதத்தில் கறிக்கடைப் பிரச்சினை ஒன்று. கோயிலில் படைத்த இறைச்சி சந்தைக்கு வரும். விக்கிரகம் ஒன்றுமே இல்லை, ஆகையால் தின்னலாம் என்கிறார்கள் தெளிந்தவர்கள். பழைய பயம் போகாத புது விசுவாசிகளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. தெளிந்தவர்கள் சொல்வது சரிதான் என்று பவுல் ஒப்புக்கொள்கிறார். அப்புறம், என் சாப்பாடு என் சகோதரனை இடறப்பண்ணினால் நான் என்றைக்குமே இறைச்சி தின்னமாட்டேன் என்கிறார். உரிமை இருக்கிறது, பயன்படுத்தாமல் இருக்கவும் சுதந்திரம் இருக்கிறது. லூத்தர் 1520இல் கிறிஸ்தவனின் சுதந்திரத்தைப் பற்றி எழுதிய சின்னப் புத்தகம் இதைத்தான் இரண்டே வாக்கியத்தில் பிடித்தது: கிறிஸ்தவன் எல்லாவற்றுக்கும் மேலான சுயாதீனன், ஒருவருக்கும் கீழ்ப்பட்டவன் அல்ல, கிறிஸ்தவன் எல்லாருக்கும் ஊழியக்காரன், ஒவ்வொருவருக்கும் கீழ்ப்பட்டவன். சொந்தப் பிள்ளை அடுப்படியில் பாத்திரம் கழுவுவதற்கும் சம்பளமில்லாத வேலைக்காரி கழுவுவதற்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துக்கொண்டால் இரண்டு வாக்கியமும் மோதாது.

இங்கேதான் உங்கள் கடைசி வரி. லூத்தர் இதை எழுதி ஐந்து வருடத்தில், 1525இல், ஜெர்மன் குடியானவர்கள் எழுந்தார்கள். மெமிங்கன் நகரத்தில் எழுதின பன்னிரண்டு கோரிக்கைகளில் மூன்றாவது: கிறிஸ்து தம் இரத்தத்தால் ஆட்டிடையனையும் மேலிருப்பவனையும் ஒன்றுபோல மீட்டிருக்க, எங்களைச் சொந்தப் பொருளாக வைத்திருப்பது எப்படி? லூத்தரின் பதில், இது கிறிஸ்தவ சுதந்திரத்தை மாம்சத்துக்கு இறக்கிவிடுகிறது, ஆபிரகாமும் அடிமைகள் வைத்திருந்தாரே என்பது. கலகம் முற்றியபோது அவர்களை வெட்டிச் சாய்க்கும்படி பிரபுக்களுக்கு எழுதினார். பல்லாயிரம் பேர் செத்தார்கள். லூத்தரிடம் நான் கற்றது அதிகம். ஆனால் இந்த இடத்தில் அவரைவிடக் குடியானவர்கள் பவுலைச் சரியாகப் படித்தார்கள் என்பது என் கருத்து. ஒனேசிமு என்ற அடிமையை எஜமான் பிலேமோனிடம் திருப்பி அனுப்பும்போது பவுல், இனி அவனை அடிமையாக அல்ல, பிரியமுள்ள சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிறார். அதுவும் கர்த்தருக்குள் மட்டுமல்ல, "சரீரத்தின்படியும்". அந்த ஒரு வார்த்தையை லூத்தர் அன்றைக்குத் தாண்டிப்போய்விட்டார்.

பவுல் அடிமை முறையை ஒழிக்கச் சொல்லவில்லையே என்றால், ஆமாம், சொல்லவில்லை. வேலைக்காரர் கீழ்ப்படியட்டும் என்று எபேசியரில் எழுதியும் இருக்கிறார். அந்த வசனத்தைப் பின்னால் வந்தவர்கள் சாட்டையாகத் திரித்துக்கொண்டார்கள். லண்டனில் 1807இல் மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கென்று ஒரு வேதாகமம் அச்சிட்டார்கள். வேதாகமத்தின் 66 புத்தகங்களில் 14இலிருந்து மட்டும் பகுதிகள். யோசேப்பு அடிமையாக விற்கப்பட்டது இருக்கும். மோசே ஜனத்தைக் கூட்டிக்கொண்டு வெளியேறியது இருக்காது. கீழ்ப்படியுங்கள் இருக்கும், "அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை" இருக்காது. உங்கள் குற்றச்சாட்டுக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் தேவையில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். இந்தப் புத்தகம் அடிமைகளை அடக்கிவைக்கத்தான் என்றால், அவர்கள் கையில் கொடுப்பதற்கு முன் எதற்காக இவ்வளவு வெட்ட வேண்டியிருந்தது?

வெட்டாத பிரதி எப்படியோ கைக்குக் கை போனது. ஜமைக்காவில் சாமுவேல் ஷார்ப் என்று ஓர் அடிமை, பாப்டிஸ்ட் சபையில் உதவிக்காரர், படிக்கத் தெரிந்தவர். ஜெபக் கூட்டங்களில் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன வசனம், இரண்டு எஜமான்களுக்கு ஊழியஞ்செய்ய ஒருவனாலும் கூடாது என்பது. நாம் சாதாரணமாகப் பணத்தாசைக்கு எதிராக மேற்கோள் காட்டுகிற வசனம். கரும்புத் தோட்டத்தில் நின்று கேட்டவர்களுக்கு அதில் வேறு ஒன்று கேட்டது. 1831 கிறிஸ்துமஸ் முடிந்ததும் கூலி இல்லாமல் வேலைக்கு இறங்கமாட்டோம் என்று உட்காருவதுதான் திட்டம். தோட்டங்கள் எரிந்தன, கலகமாகிவிட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு மரணதண்டனை கொடுத்தார்கள். ஷார்ப்பை 1832 மே 23 அன்று மாண்டிகோ பே சந்தைத் திடலில் தூக்கிலிட்டார்கள். அந்த வாழ்க்கையைவிடத் தூக்குமரம் மேல் என்று சிறையில் தம்மைப் பார்க்க வந்த மிஷனரியிடம் சொல்லியிருந்தார். அடுத்த வருடமே லண்டனில் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது, 1834 ஆகஸ்டில் அமலுக்கும் வந்தது. ஜமைக்காவின் பழைய 50 டாலர் நோட்டில் இருந்த முகம் அவருடையது.

நீங்கள் வாசித்துப் பார்க்க விரும்பினால் யோவான் 8ஐவிடக் கலாத்தியரில் தொடங்குங்கள். ஆறே அதிகாரம், அரை மணி நேரம். இடையில் நிறுத்தாமல் படித்தால்தான் அந்தக் கோபம் தெரியும். சுதந்தரம் என்று வரும் இடத்தில் எல்லாம் பென்சிலால் 'வாரிசு' என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாம் அதிகாரம் 12ஆம் வசனத்தில், உங்களைக் கலக்குகிறவர்கள் "தறிப்புண்டுபோனால் நலமாயிருக்கும்" என்று இருக்கும். கத்தியை எடுத்தவர்கள் விருத்தசேதனத்தோடு ஏன் நிறுத்துகிறார்கள், இன்னும் கொஞ்சம் தள்ளியே வெட்டிக்கொள்ளட்டும் என்பதுதான் அதன் அர்த்தம். நம் மொழிபெயர்ப்பாளர்கள் கண்ணியமானவர்கள்.